வியாழக்கிழமைக் கூடை

ஷாத்லி ஓர் ஆளின் சாவுக்குக் காரணமானவன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவன் கதையைக் கேட்டால் மஹ்தியா ஊர்க்காரர்கள் சட்டென்று இரக்கப்பட்டுவிடுகிறார்கள், அது அவனுக்கே பிடிக்காது.

துறைமுகத்தில் அவனுக்குச் சொந்தமாக ஒரு மீன் லாரி இருந்தது. அப்பா விட்டுப்போன வீடு, மனைவி சுஆத், இரண்டு பெண் குழந்தைகள். ஒரு குறையும் இல்லை. அப்போதுதான் நூருத்தீன் என்பவன் கூட்டுத் தொழில் என்று ஆசை காட்டினான். அதற்காக ஷாத்லி அப்பாவின் வீட்டை விற்றான். அதில் அக்கா நஸீஹாவுக்கும் பங்கு உண்டு. அவள் நம்பிக் கொடுத்திருந்த அதிகாரப் பத்திரத்தை வைத்துக்கொண்டு, அவளிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டான். அவள் தெருவில் நின்று, எனக்குத் தம்பியே கிடையாது என்று நாலு பேர் கேட்கச் சொன்னாள். பிறகு மத்தி மீனை டின்னில் அடைக்கும் ஆலைக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

நூருத்தீனின் தொழில் மீன் இல்லை, கடத்தல் சிகரெட். தெரிந்தபோது பின்வாங்கியிருக்கலாம். ஷாத்லிக்கு வீட்டை விற்கத் துணிவு இருந்தது, வேண்டாம் என்று சொல்லத்தான் இல்லை.

சரக்கை வெளியே எடுக்க நூருத்தீன் குறித்த நேரம், ரமலானில் நோன்பு திறப்பதற்குக் கொஞ்சம் முன்னால். ஊரே சூப் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்து, நோன்பு திறக்கச் சொல்லும் பீரங்கிச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்திருக்கும். போலீஸ்காரனும் மனிதன்தானே, அவனுக்கும் பசிக்கும். ஆனால் துறைமுக வாசலில் காவல் நின்ற மப்ரூக் வீட்டுக்குப் போகவில்லை. கையில் இரண்டு பேரீச்சம்பழத்தோடு லாரியின் முன்னால் வந்து நின்றான்.

பக்கத்தில் இருந்த நூருத்தீன், "நிறுத்தாதே, அவனே ஒதுங்கிடுவான்" என்றான். மப்ரூக் ஒதுங்கவில்லை. சொன்னது நூருத்தீன்தான், ஆனால் பிரேக்கை மிதிக்காத கால் ஷாத்லியுடையது. அவனே இதைத்தான் சொல்வான்.

நூருத்தீன் அடுத்த திருப்பத்தில் இறங்கி நடந்தான். ஷாத்லி பிடிபட்டான். வழக்கு நடக்கும்போதே நூருத்தீனிடமிருந்து ஆள் மூலம் சேதி வந்தது: வாயை மூடிக்கொண்டிரு, சிறைக்கு வரவேண்டிய உன் சாப்பாட்டுக் கூடையை நான் பார்த்துக்கொள்கிறேன். நீதிபதி, கூட யார் இருந்தது என்று மூன்று முறை கேட்டார். தனியாகத்தான் வந்தேன் என்றான். பன்னிரண்டு வருஷம் கிடைத்தது. லாரி பறிமுதலானது. சுஆத் விவாகரத்து வாங்கிக்கொண்டு பெண்களோடு அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவளை அவன் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

சிறைக்குள் ஒருவனுடைய மதிப்பு அவனுக்கு வரும் கூடையில்தான் இருக்கிறது. வீட்டிலிருந்து சாப்பாடு வருகிறவர்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கூடை இல்லாதவன் அவர்களுடைய பாத்திரத்தைக் கழுவி, துணியைத் துவைத்து, மிச்சத்தைத் தின்பான். ஷாத்லி இரண்டு வாரம் துவைத்தான். மூன்றாம் வியாழன் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். கோதுமை ரவையில் செய்த குஸ்குஸ், பொரித்த மிளகாய், ஹரிஸ்ஸா என்ற மிளகாய் விழுது தடவிய மத்தி. நூருத்தீன் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான் என்று நினைத்தான். அன்றிலிருந்து வாரம் தவறாமல் கூடை வந்தது. அவனும் வாய் திறக்கவில்லை. கூடை இல்லாத இரண்டு பேரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தான். தன்னை வாங்கிப் போட்டவனுக்கு மனசுக்குள் நன்றியும் சொல்லிக்கொண்டான்.

நான்கு வருஷம் இப்படிப் போனது. பிறகு ஃபத்ஹி என்றொருவன் அதே அறைக்கு வந்தான். அவனும் சிகரெட் கடத்தி மாட்டியவன். பேச்சுவாக்கில், நூருத்தீன் தீர்ப்பு வந்த மாதமே சிசிலிக்கு ஓடிவிட்டான், அம்மாவின் சாவுக்குக்கூட எட்டிப்பார்க்கவில்லை என்றான்.

ஷாத்லிக்குக் கையில் எடுத்த ரொட்டி கையிலேயே நின்றது. கூடைகளைச் சோதிக்கும் காவலரிடம் போய்க் கெஞ்சினான். அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க அக்காதான்யா. ரத்த உறவுக்காரங்களைத் தவிர வேற யாரை விடுவோம்? நாலு வருஷமா யாரு சோத்தைத் தின்னுட்டிருக்கேன்னு தெரியாம இருந்திருக்கியே. மீனு முள்ளெடுத்து வருது, அதைப் பாத்தாவது புத்தி வர வேணாமா?"

முள்ளைச் சிறைக்காரர்கள் எடுத்துவிடுகிறார்கள் என்று அவன் நினைத்திருந்தான். பக்கத்துத் தட்டில் முள் இருந்ததைப் பார்த்தவன்தான்.

பார்க்க வரச் சொல்லி அனுப்பினான். நஸீஹா ஆலை உடுப்போடு வந்தாள். கம்பி வலைக்கு அப்பால் நின்றுகொண்டு முதலில் திட்டினாள்.

"தின்னதெல்லாம் எங்கடா போச்சு? எலும்பும் தோலுமா நிக்கறே."

அவன் அழுகையை நிறுத்த வெகுநேரம் ஆனது. "ஒரு வார்த்தை சொல்லியனுப்பக் கூடாதாக்கா?"

"சொல்லியிருந்தா நீ தின்னிருக்க மாட்டே. உன்னை எனக்குத் தெரியாதா?"

அது உண்மை. அவன் வீட்டைப் பற்றிப் பேச வாயெடுத்தான். நன்றி என்றான், மன்னிப்பு என்றான், எல்லாம் குழம்பி வந்தது. அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"எனக்குச் சொல்லாதே. வியாழக்கிழமை நான் இங்க வந்துட்டா, ஆலையில என் பங்கு மீனையும் சேத்து வெட்டறது வசீலா."

எந்த வசீலா என்று கேட்க அவனுக்குத் துணிவு வரவில்லை. மப்ரூக்கின் மனைவி பெயரை நீதிமன்றத்தில் அத்தனை முறை கேட்டிருக்கிறான்.

"நீ எங்க வர்றேன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"மொத வாரமே சொல்லிட்டேன். ரெண்டு நாள் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. மூணாம் நாள், போயிட்டு வா, உன் மேசையை நான் பாத்துக்கறேன்னா." நஸீஹா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அவளுக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். வண்டியில கூட இருந்தது யாருன்னு. நான் உன்கிட்ட வந்து கேக்கல. சோத்தைப் போட்டுட்டு அதுக்குக் கூலி கேட்ட மாதிரி ஆயிடும்."

இப்போதும் அவள் கேட்கவில்லை. பொய் சொன்னதற்கு இன்னும் இரண்டு வருஷம் கூடலாம் என்று ஷாத்லிக்குத் தெரியும். நூருத்தீனின் ஆட்கள் உள்ளேயே இருக்கிறார்கள் என்பதும் தெரியும். வாசலில் நின்ற காவலருக்கும் கேட்கும்படி, நூருத்தீனின் பெயரை அவன் அப்பா பெயரோடு, தெருப் பெயரோடு சொன்னான்.

மறுநாள் காலை எழுத்தர் வந்து வாக்குமூலத்தை எழுதினார். கடைசியில், இத்தனை வருஷம் ஏன் மறைத்தாய் என்ற கேள்வி இருந்தது. பயமா, மிரட்டலா, எதை எழுதட்டும் என்று கேட்டார்.

"எனக்குச் சோறு போடறது யாருன்னு தப்பா நெனைச்சிட்டேன்யா. அப்படியே எழுதிக்கோங்க" என்றான் ஷாத்லி.