எங்கே அழுத்திச் சொல்வது

என் மனைவி இங்கிலீஷ் படித்ததில் பாதி என் ஓட்டோவின் பின்சீட்டில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹட்டனில் நடக்கும் வகுப்புக்கு டிக்கோயாவிலிருந்து நான்தான் ஏற்றிப்போவேன். வெளிநாட்டில் வயதானவர்களைப் பராமரிக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கான வகுப்பு அது. நேர்முகத்தில் பேச்சு சரியாக இருந்தால் போகலாம். இல்லையென்றால் காலத்துக்கும் தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், இந்த லயத்துக் காம்பிராதான். இந்தப் பக்கச் சண்டையும் அந்தப் பக்கச் சண்டையும் நம் காதில்தான். சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்ற ஆசை என்னைவிட அவளுக்கு அதிகம்.

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஸ்டேஷனில் இறங்கும் வெள்ளைக்காரர்களிடம் பேரம் பேசி ஏற்றுகிறவன் ஆயிற்றே! வகுப்பு முடிந்து வந்தவள், என்னுடையது மேடு பள்ளமே இல்லாத இங்கிலீஷ் என்று சிரித்தாள். ஒரு சொல்லில் ஓரிடத்தை அழுத்திவிட்டு மற்றதை விழுங்கிவிட வேண்டுமாம். நம் வாயோ பந்தியில் பரிமாறுகிற மாதிரி எல்லா எழுத்துக்கும் ஒரே அளவு போடும். எமர்ஜென்சி என்றால் ‘மர்’ என்பதில் அழுத்த வேண்டும். ஹாஸ்பிட்டலில் முதலெழுத்து. கம்ஃபர்ட்டபிள் என்பதில் ‘கம்’ மட்டும்தான் உருப்படியாகக் கேட்கும், மிச்சமெல்லாம் போகிற போக்கில். இவ்வளவு நாளும் என்ன விளங்கி என் ஓட்டோவில் ஏறினார்களோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

வீட்டில் ஒத்திகைக்கு நோயாளி எங்கள் மகள். அப்போது ஐந்து வயது. பாயில் கண்ணை மூடிப் படுத்துக்கொள்வாள். அவள் அம்மா போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, சௌகரியமாக இருக்கிறதா என்று இங்கிலீஷில் கேட்பாள். அழுத்தம் பிசகினால் நோயாளி எழுந்து உட்கார்ந்து, இன்னொருக்கா கேளுங்கம்மா என்பாள். அந்த வித்தை எங்களுக்கு முன்பே பிள்ளைக்குப் பிடிபட்டுவிட்டது. சில நாள் போர்வைக்குள்ளேயே தூங்கியும் போவாள்.

நேர்முகம் போனில் நடந்தது. லயத்தில் சிக்னல் ஒழுங்காக வராது என்பதால், மேலே கோயில் வளைவில் ஓட்டோவை நிறுத்தினேன். அவள் உள்ளே, நான் வெளியே தூறலில். ஒவ்வொரு சொல்லும் எங்கே ஏற வேண்டுமோ அங்கே ஏறியது. பெருமையாக இருந்தது. ஆனாலும் ஒரு சொல்லாவது பிசகாதா என்று மனசு கேட்டது உண்மை. பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“சரியா சொன்னேனாங்க?”

சரியாகத்தான் சொன்னாய் என்றேன். ஓட்டோவைக் கிளப்பினேன்.

அவள் போய் இப்போது இரண்டாவது வருடம். எங்கேயோ யாருடைய தாய்க்கோ போர்வை இழுத்துவிடுகிறாள். இங்கே மகளுக்கு நான் இழுத்துவிடுகிறேன். அம்மா மாதிரி வரவில்லை என்று அவளே மறுபடி இழுத்துக்கொள்வாள். வீட்டுக்கு அத்திவாரம் போட்டாகிவிட்டது. அதைப் பார்க்கப் போகும்போதெல்லாம் எனக்கு அழுகைதான் வருகிறது.

போன வாரம் டீச்சர் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார். ஆங்கில தினத்தில் மேடையில் பேச மகளைத் தெரிவு செய்திருந்தார்களாம். வகுப்பிலேயே நன்றாகச் சொன்ன பிள்ளை, தெரிவானதிலிருந்து எல்லாச் சொல்லையும் தட்டையாகச் சொல்கிறாளாம். வேண்டுமென்றே செய்கிறாள் என்று டீச்சருக்குச் சந்தேகம். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அம்மா அங்கே மாடாக உழைக்கிறாள், இவளுக்கு விளையாட்டா? வரும் வழியில் ஓட்டோவை ஓரங்கட்டிச் சத்தம் போட்டேன். தெரிந்ததை ஏன் தெரியாத மாதிரி சொல்கிறாய் என்று கேட்டேன்.

அவள் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள்.

“நல்லா சொன்னா என்னையும் அனுப்பிருவாங்கப்பா,” என்றாள். “அப்புறம் நீங்க மட்டும் தனியா இருப்பீங்க.”