பட்டத்தரசியின் புல்வலை

முந்திரி வியாபாரி செல்லதுரைக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறைதான் இருந்தது. அது குதிரை. உடையார்பாளையத்தில் பிறந்தவர்களுக்கு ஜமீன் என்ற சொல்லைக் கேட்டாலே முதுகு கொஞ்சம் நிமிரும். செல்லதுரைக்கோ இரண்டு கால்களும் தாமாக அகன்று சேணத்தைத் தேடும். ஜமீனுக்கும் அவர் குடும்பத்துக்கும் இருந்த உறவு, அவருடைய பாட்டனார் அரண்மனைக்கு முந்திரிக்கொட்டை அளந்ததுதான். அளவு குறைந்ததற்காக அவரைத் தூணில் கட்டிப் போட்டார்கள் என்று சொல்கிற கட்சியும் ஊரில் உண்டு. எப்படிப் பார்த்தாலும் அரண்மனைக்குள் போய் வந்த குடும்பம். அதை யாரும் மறுக்க முடியாது.

அரியலூர் மாவட்டம் பிறந்த சூடு ஆறுவதற்குள் மறுபடி பெரம்பலூருக்குள்ளேயே போய்ச் சேர்ந்துகொண்ட காலம் அது. அரியலூரில் கூடாரம் அடித்த ஒரு சர்க்கஸ் நொடித்துப்போய், மிருகங்களை ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்தது. செல்லதுரை போய் ஒரு ஜோடி குள்ளக் குதிரைகளைச் சிமெண்ட் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். இரண்டும் அவர் இடுப்பு உயரம். ஏறி உட்கார்ந்தால், குதிரையோடு சேர்ந்து உட்கார்ந்தவரும் நடக்க வேண்டியிருக்கும். செல்லதுரை அதைப் பொருட்படுத்தவில்லை. ஆழாக்கால் அளந்தாலும் அரிசி அரிசிதானே? ஆண் குதிரைக்குச் சிப்பாய் என்றும் பெண் குதிரைக்குப் பட்டத்தரசி என்றும் பெயர் சூட்டினார். முந்திரிக்கொட்டை குவிக்கும் கொட்டகையைக் காலி செய்து, அதற்கு லாயம் என்று நாமகரணம் செய்தார்.

ஊர் திரண்டு வந்தது. வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை, அங்கேதான் வினை. வாயில்லா ஜீவனுக்கு ஒரு வாய் போட்டால் புண்ணியம் என்பதால், மாட்டுப் பொங்கலன்று புண்ணியம் தேடாத ஆளே தெருவில் இல்லை. சர்க்கரைப் பொங்கல், வாழைப்பழம், கரும்பு, ஊறவைத்த அரிசி. சிப்பாய் எதையும் மறுக்கவில்லை. மறுநாள் காலை அது தன் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. பிறகு படுத்தது. பிறகு எழுந்திருக்கவில்லை.

கால்நடை டாக்டர் வந்து, செத்ததை விட்டுவிட்டு உயிரோடு இருந்ததன் குளம்பைத் தொட்டார். முகம் மாறியது.

"இதுக்கும் சுடுதுங்க. கண்ட தீனி தின்னா மொதல்ல குளம்புலதான் சூடு ஏறும். இனிமே காய்ஞ்ச புல்லைத் தவிர வேற எதையும் கண்ணுல காட்டாதீங்க. அதையும் மொத்தமா போடாதீங்க, நாள் பூரா கொஞ்சங்கொஞ்சமா திங்கணும். கொட்டாயை விட்டு வெளிய விடவும் கூடாது. கூழு, தவிடு, வெல்லம்னு இன்னொரு வாட்டி வயித்துக்குள்ள போச்சுன்னா என்னைக் கூப்பிடாதீங்க."

"வாந்தி எடுக்க மருந்து கிருந்து…"

"குதிரைக்கு வாந்தி வராதுங்க. உள்ள போனது போனதுதான்."

இந்த வாக்கியம் செல்லதுரையின் அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. அவருக்கும் வாந்தி வரவில்லை.

கொஞ்சங்கொஞ்சமாகத் தின்னும்படி பட்டத்தரசியிடம் யார் சொல்வது? போட்ட புல்லைக் காபி ஆறுவதற்குள் முடித்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் கதவுக் கட்டையைக் கடித்துக்கொண்டு நின்றது. இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் லெப்பைக்குடிக்காடு பீர் முகமது. வளைகுடாவில் இருந்து திரும்பி, முந்திரிப் பருப்பு வாங்கி அங்கேயே அனுப்பும் தொழிலில் இருந்தவர்.

"அண்ணே, ஷார்ஜாவுல குதிரைக்கு ஏசி ரூமு. ஆனா தீனி? வலையிலதான். ஓட்டை சின்னதா இருக்கும். ஒரு இழை, ரெண்டு இழையா உருவி உருவித் திங்கும். அல்லா மேல ஆணையா, அங்க ஷேக்கு வூட்டுக் குதிரைக்கே அப்படித்தான்."

செல்லதுரையின் மனைவி மலர்கொடி காபியோடு வந்தாள். "நீங்க அங்க சூப்பர்வைசர்னுல்ல பாய், உங்க வூட்டுக்காரி பாத்திமா சொன்னுச்சு?"

"சூப்பர்வைசர்தாம்மா. எதைன்னு அவளும் கேக்கலை, நானும் சொல்லலை."

ஏரியில் வீசிக் கிழிந்த நைலான் வலை ஒன்றை வாங்கி, இரண்டு மடிப்பாக்கி, விரல் நுழையும் அளவுக்குக் கண்ணைச் சுருக்கி, பீர் முகமதே பையாகப் பின்னிக் கொடுத்தார். காய்ந்த கொழுக்கட்டைப் புல்லைத் திணித்து உத்தரத்தில் தொங்கவிட்டார்கள். பட்டத்தரசி முகர்ந்தது, முட்டியது, கோபித்துக்கொண்டது, கடைசியில் ஒரு இழையை உருவியது. அன்று முதல் செல்லதுரை கடைக்குத் தாமதமாகப் போனார். எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து, அது உருவுவதையே பார்த்துக்கொண்டிருப்பார். நாளுக்கு நாலு தரம் குளம்பைத் தொடுவார். சூடு இறங்கி வந்தது. பெற்ற மகளுக்கு அம்மை கண்டபோதுகூட அவர் அத்தனை தரம் தொட்டுப் பார்த்ததில்லை என்று மலர்கொடி சொல்லிக் காட்டினாள்.

ஆனால் அந்தப் பை அவர் மானத்தை உறுத்தியது. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேச வருகிறவர்கள் பீரோவைப் பார்ப்பதில்லை, தொழுவத்தைப் பார்ப்பார்கள். மாட்டு வயிறு ஒட்டியிருந்தால் மருமகள் வயிறும் ஒட்டும் என்பது கணக்கு. புல்லுக்கே வலை போட்டவன் என்று ஒருத்தன் பெயரெடுத்தால், அவன் பேரனுக்குக்கூடப் பெண் கிடைக்காது.

செல்லதுரையின் மகள் பிரவீணாவைப் பெண் பார்க்க ஆண்டிமடத்திலிருந்து மாப்பிள்ளையின் அப்பா வேணுகோபாலும் அவருடைய அக்கா பஞ்சவர்ணமும் வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். மாப்பிள்ளையைப் பிரவீணாவுக்கு ஏற்கெனவே பிடித்திருந்தது. எங்கே பார்த்தாள் என்று யாரும் கேட்கவில்லை. செல்லதுரை பையைக் கழற்றப் போனார்.

"கழட்டுனீங்கன்னா மொத்தத்தையும் முழுங்கிட்டுப் படுத்துரும்" என்றாள் மலர்கொடி. "கதவைச் சாத்தி வையுங்க, போதும்."

சாத்தி வைத்தார். சாத்திய கதவைக் கண்டால் பஞ்சவர்ணத்துக்குக் கை நமநமக்கும் என்பது அவருக்குத் தெரியாது. மலர்கொடி அடுப்படியில் காபி கலக்கும் நேரத்தில், அந்த அம்மாள் தொழுவத்துப் பக்கம் நடந்து, லாயத்துக் கதவைத் தள்ளிவிட்டாள். வேணுகோபாலும் எட்டிப் பார்த்தார்.

"அதென்னங்க, வலைக்குள்ள புல்லைப் போட்டுத் தொங்க வுட்டிருக்கீங்க?"

செல்லதுரை மனசுக்குள் கணக்குப் போட்டார். சிக்கனம் என்றால் கஞ்சன் வீடு. சீக்கு என்றால், ஒன்று செத்து இன்னொன்றும் சாகக் கிடக்கிற வீடு. இரண்டில் எதைச் சொன்னாலும் அவர்கள் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவார்கள்.

"அட நீ ஒண்ணு வேணு" என்றாள் பஞ்சவர்ணம். "பார்த்தா தெரியல? இளங்கொடி. கன்னு போட்டா விழுற நஞ்சுக்கொடியைப் புல்லுல சுத்திக் கட்டித் தொங்க வுட மாட்டாங்களா?"

"அதை ஆலமரத்துலல்லக்கா கட்டுவாங்க?"

"ஆலமரம் எங்கடா இருக்கு? ரோட்டை அகலப்படுத்துறோம்னு வெட்டித் தள்ளிட்டானுவோ. பாவம், வூட்டுலயே கட்டியிருக்காரு. ஏங்க, குதிரை குட்டி போட்டிருக்கா?"

செல்லதுரையின் தலை ஆடியது. அவர் ஆட்டியதாக அவருக்கு ஞாபகம் இல்லை. ஆடியது, அவ்வளவுதான்.

பஞ்சவர்ணம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கு வூட்டுல பேறு! இதுக்கு மேல என்னடா சகுனம் வேணும் உனக்கு? குட்டி எங்கங்க?"

"உள்ள… நெல்லு ரூமுலங்க. கண்ணு படக் கூடாதுன்னு…"

"ரொம்ப சரி. யாருக்கும் காட்டாதீங்க."

சம்பந்தம் அந்த இடத்திலேயே முடிந்தது. வேணுகோபால் கையைப் பிடித்துக் குலுக்கி, சம்பந்தி என்று கூப்பிட்டார். இதையெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சொல் சிந்தாமல் வாங்கிக்கொண்டவள் அடுத்த வீட்டுப் பொன்னாயி. ரேடியோவில் சேதி சொல்ல ஒரு நேரம் உண்டு. பொன்னாயிக்கு அப்படி எதுவும் கிடையாது.

முதலில் பொன்னாயியே வந்தாள், கையில் கம்பங்கூழ்ச் சட்டி. "ஏன் தம்பி, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லப்புடாதா? புருசனைப் பறிகுடுத்தவ, தனியா பெத்துக் கெடக்கா. வயிறு காந்தும்ல?" அவள் பின்னால் இன்னொருத்தி, வெல்லம் கரைத்த தவிட்டோடு. அவள் பின்னால் பருத்திக்கொட்டை அரைத்தவள். உளுந்தங்களி கிண்டியவள். தெரு முழுக்க ஈயச் சட்டிகளும் குண்டான்களும் மெதுவாக, அன்பாக, லாயத்தை நோக்கி நடந்து வந்தன. ஒருத்தி முகத்திலும் கெட்ட எண்ணம் இல்லை. செல்லதுரைக்கு அதுதான் பயமாக இருந்தது.

"மொதக் கவளம் நான்தான் குடுப்பேன்" என்று பஞ்சவர்ணம் முந்தானையைச் செருகினாள். "எங்க வூட்டுச் சம்பந்தமாச்சே."

மலர்கொடி காபித் தட்டோடு வெளியே வந்தாள். சட்டிகளைப் பார்த்தாள். குதிரையின் மூக்கு கூழுக்குள் இறங்குவதைப் பார்த்தாள். "ஐயய்யோ, அதுக்கு அது ஆவாதுங்க" என்று ஓடினாள்.

"புள்ள பெத்தவளுக்கு இது ஆவாம வேற எது ஆவும்?" என்றாள் பஞ்சவர்ணம்.

மலர்கொடி புருஷனைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே கும்பிட்டார். பிறகு அவள் வாசற்படியில் நின்ற பிரவீணாவைப் பார்த்தாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தது, வருஷக்கணக்காகக் காணாத சிரிப்பு. மலர்கொடி வாயை மூடிக்கொண்டாள்.

பட்டத்தரசி ஒவ்வொரு சட்டியையும் நக்கித் துடைத்தது. இத்தனை நாளும் ஒவ்வொரு இழையாக உருவியதற்கெல்லாம் சேர்த்துத் தின்றது. தலைக்கு மேலே வலைப்பை நிறைந்தபடியே தொங்கியது.

விருந்தாளிகள் பஸ் ஏறியதும் மலர்கொடி கேட்டாள். "ஒத்த வார்த்தை. ஒத்த வார்த்தை சொல்ல வாய் வரலையா உங்களுக்கு?"

"உனக்கு வந்துச்சா?"

டாக்டருக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் வெளியூர் முகாமுக்குப் போயிருந்தார். பொழுது சாயும்போது பட்டத்தரசி திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தது. செல்லதுரை குளம்பைத் தொட்டார். கையை எடுத்துவிட்டார். அது இன்னொரு தரம் திரும்பிப் பார்த்தது, யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டது போல.

விடிந்தபோது முடிந்திருந்தது.

பெற்றவள் போய்விட்டாள் என்பதால் ஊர் சும்மா இருக்கவில்லை. மஞ்சள் பூசி, பூ வைத்து, சிப்பாய்க்குப் பக்கத்திலேயே முந்திரித் தோப்பில் குழி வெட்டினார்கள். சிப்பாய்க்கு ஒருத்தரும் இப்படிச் செய்யவில்லை. செல்லதுரை துண்டை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். கொன்றவர்களே ஆறுதல் சொன்னார்கள், கொல்லக் கொடுத்தவர் கேட்டுக்கொண்டார். டாக்டர் அப்போதுதான் சைக்கிளில் வந்து, குழியைப் பார்த்துவிட்டு, அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

எல்லோரும் வீடு திரும்பியபோது வாசலில் பஞ்சவர்ணம் நின்றிருந்தாள். சேதி கேட்டு முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். கையில் தூக்குவாளி, அது நிறைய ஆட்டுப்பால். பால் புகட்டுகிற மூங்கில் குழாயையும் மறக்கவில்லை.

"போனவ போயிட்டா. தாயில்லாப் பச்ச மண்ணு பசியில கெடக்குமே. குட்டியைக் கொண்டாங்க சம்பந்தி."

முற்றத்தில் எல்லோர் தலையும் நெல் அறைக் கதவுப் பக்கம் திரும்பியது.

"அதானே" என்றாள் பொன்னாயி மெதுவாக. "குட்டியை நாங்க ஒருத்தருமே பார்க்கலியே."

"ஒரு கனைப்புச் சத்தம்கூடக் கேக்கல" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஜமீன் பொதையலு தோண்டறவன்லாம் தலைச்சன் குட்டியைத்தான் பலிக்குத் தேடுவானாம்" என்றது இன்னொரு குரல். குரல் சின்னதுதான், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. பெண்கள் தங்கள் பிள்ளைகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்கள்.

மலர்கொடி புருஷனைப் பார்த்தாள். இந்தத் தரம் கண்ணால் கும்பிட்டது அவள். சொல்லிவிடுங்கள் என்று கும்பிட்டாள். செல்லதுரை நெல் அறையின் கதவைப் பார்த்தார். அதன் பின்னால் நெல்லைத் தவிர ஒன்றும் இல்லை.

"தூங்குதுங்க" என்றார்.

பஞ்சவர்ணம் தலையாட்டினாள். தூக்குவாளியைக் கீழே வைத்தாள். நெல் அறைக் கதவுக்கு நேர் எதிரே காலை மடித்து உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"எந்திரிக்கட்டும். அவசரமில்ல. நாங்க இருக்கோம்."

பொன்னாயி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு ஒவ்வொருவராக ஊரே உட்காரத் தொடங்கியது.