கால் அங்குல மழை

பங்குனி கடைசி வாரம். காலை ஆறே முக்காலுக்குச் சேலத்தில் பஸ் ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணி முடித்து, ஏற்காட்டில் இறங்கினேன். முந்தின இரவு மழை. மலை தலைக்குக் குளித்துவிட்டு நின்றது. மஞ்சக்குட்டைக்கு ஜீப், ஆளுக்கு இரண்டு ரூபாய். பதினோரு பேர். என் ஒரு கால் வெளியே தனியாகப் பயணம் செய்தது.

"பூ மழைங்க! ஒரு அங்குலம் பேஞ்சாத்தான் காப்பி மொட்டு விரியும். கம்மின்னா பாதியில கருகிரும்," என்றார் டிரைவர்.

ஒன்பது மணி. நண்பர் குப்புசாமியின் நாலு ஏக்கர் காப்பித் தோட்டம். அவர் குட்டைக்கரையில் தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மனைவி வெள்ளையம்மா குறுக்கே நின்றார்.

"கால் அங்குலந்தானுங்க சார் பேஞ்சிருக்குது. இப்பவே தண்ணி பாய்ச்சாட்டி பூ போச்சு," என்றார் குப்புசாமி.

"ஆடி வரைக்கும் குடிக்க இந்தக் குட்டைதானுங்க," என்றார் வெள்ளையம்மா. "ராத்திரி ஊடு ஒழுகி ரெண்டு அண்டா நெறஞ்சுது. அது கால் அங்குலமாம்!"

"ஏம் புள்ள, அண்டாவா மழை அளக்குது? கிளாஸ் சொல்லுது!"

மழைத் தண்ணீரை ஊற்றி அளக்கும் கண்ணாடிக் குழாயைக் கொண்டுவந்து காட்டினார். தண்ணீர் இருபத்தைந்தாம் கோட்டில் நின்றது. தோட்டக்காரர்களுக்கு ஓர் அங்குல மழை என்பது நூறு சென்ட். இருபத்தைந்து என்றால் கால்தான். ஆனால் குழாய் புதிதாகப் பளபளத்தது.

"பழசு ஒடஞ்சு போச்சுங்க. இது போன வாரம் சேலத்துல வாங்குனது."

மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அடியில் எறும்பு வரிசையாய் இருந்த எழுத்தைப் படித்தேன். மில்லிமீட்டர்.

"குப்புசாமி, ஓர் அங்குலத்துக்கு இருபத்தஞ்சு புள்ளி நாலு மில்லிமீட்டர். உங்களுக்கு ஓர் அங்குலம் பேஞ்சிருக்கு."

இன்ஜின் கைப்பிடி கீழே விழுந்தது. அவர் மலையைப் பார்த்தார், அது அப்போதுதான் நனைந்தது போல. பிறகு முகம் சுருங்கியது.

"அந்தப் புள்ளி நாலு?"

மனக்கணக்குப் போட்டேன். "ரெண்டு சென்ட் குறையுது."

"நொம்பக் குறையுதுங்களே!" கைப்பிடியைத் தேடினார்.

வெள்ளையம்மா குட்டையில் ஒரு சொம்பு மொண்டு, நிதானமாக அவர் தலையில் கவிழ்த்தார்.

"எழுதிக்கோங்க. சரியா ஒரு அங்குலம்."

ஏழாம் நாள் புறப்பட்டபோது குட்டையில் தண்ணீர் அப்படியே இருந்தது. கிளைதோறும் மொட்டுகள் வெளுத்துத் திரண்டு, விரியும் தறுவாயில் நின்றன. சென்னையில் என் தெருவில் மழையைக் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று அளப்போம்; அளந்ததும் வைவோம். இரண்டு சென்ட் குறைந்ததற்காக ஒருவர் கலங்கினார் என்று சொன்னால், அங்கே யார் நம்புவார்கள்?