சந்தனம் பூசிய பூட்டு

அந்தப் பூட்டு என் உள்ளங்கையை முழுதாக மறைக்கும். பித்தளைப் பூட்டு, கூடவே மாடு கட்டுகிற கனத்தில் ஓர் இரும்புச் சங்கிலி. மெர்டேக்கா, அதாவது மலாயாவின் சுதந்திரம், நெருங்கிய நாட்களில் மலாக்காவை விட்டுக் கப்பலேறிய ஒரு துரை, தன் மோட்டார் சைக்கிளை என் வீட்டுக்காரருக்கு விற்றுவிட்டுப் போனார். காஜா பேராங்கில் இருந்த எங்கள் வீட்டுக்கு வண்டி வந்த அன்றே பூட்டும் வந்தது. வண்டியைக் காட்டுவதற்கு முன் பூட்டைத்தான் என்னிடம் காட்டினார். "ஆன வந்தாலும் ஒடைக்க முடியாது, பாத்துக்க" என்றார். அவர் ஒரு சரக்குக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, நாலடி நடந்து, திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்க்கிற உத்தியோகம். அந்தப் புத்தி அவரோடு வீட்டுக்கும் வந்துவிட்டது.

வாசலில் இருந்த ஜம்பு மரத்தோடு வண்டியின் முன்சக்கரத்தைச் சேர்த்துக் கட்டுவார். கட்டியது ஊருக்கே தெரியும். காலையில் அவருக்கு மட்டும் மறந்துபோகும். இரண்டாம் நாளே வெள்ளைச் சட்டையும் தலை நிறைய எண்ணெயுமாக வண்டியை உதைத்துக் கிளப்பி, எனக்கு ஒரு கையசைப்பும் கொடுத்துவிட்டு முறுக்கினார். வண்டி ஒரு முழம் நகர்ந்து நின்றது. அவர் நிற்கவில்லை. கைப்பிடியைத் தாண்டிப் போய்ச் சாக்கடையில் உட்கார்ந்தார். என் மாமியார் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, "ஏண்டா, பூட்டு போட்டது திருடனுக்கா, ஒனக்கா?" என்று கேட்டார். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன்.

இன்னொரு நாள் கிளேபாங் பக்கம் ஒரு கடையில் மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிடப் போனவர், தன் வண்டியோடு பக்கத்தில் நின்ற மலாய்க்காரரின் சைக்கிளையும் சேர்த்துப் பூட்டிவிட்டார். வெளியே வந்தபோது சைக்கிள்காரர் அதன் பக்கத்திலேயே சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாராம். தன் சைக்கிளை இவ்வளவு பத்திரமாக யாரும் பார்த்துக்கொண்டதில்லை என்று மலாயில் சொல்லிச் சிரித்தாராம். இதையெல்லாம் அவரே வந்து சொல்வார். தன்னைப் பற்றிய கேலியைத் தானே சொல்லிச் சிரிக்கிற மனுஷர் அவர். அதனாலேயே எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் வண்டி வாங்கியது விளையாட்டுக்கு இல்லை. முந்தின வருஷம் பிரசவம் பார்க்க ஆள் வந்து சேரத் தாமதமாகி, எங்கள் முதல் பிள்ளை தங்கவில்லை. அதன் பிறகுதான் அவர் வண்டி, வண்டி என்று அலைந்தார். மறுபடி நான் முழுகாமல் இருந்தபோது, புக்கிட் பாருவில் இருந்த சீன மிஸ்ஸியிடம், அதாவது பிரசவம் பார்க்கும் நர்ஸிடம், போய்ப் பேசிவைத்தார். வலி எடுத்ததும் இவர் வண்டியில் போய் அழைத்து வருவார், அவள் வந்து பிரசவம் பார்க்க வேண்டும். "மோட்டர் இருக்கில்ல, பத்தே நிமிஷம்" என்று என்னிடம் தினமும் சொல்வார்.

மெர்டேக்கா முடிந்து அடுத்து வந்தது ஆயுத பூஜை. அவர் வண்டியைக் கழுவித் துடைத்து, மாலை போட்டு, பழைய வழக்கப்படி ஜம்பு மரத்தோடு பூட்டினார். பூட்டுக்கும் பூஜை உண்டு அல்லவா? சந்தனத்தைக் குழைத்து, சாவித் துவாரத்தின் மேலேயே அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். அழகாகத்தான் இருந்தது. சாவி சாமி படத்தின் முன் தட்டில் இருந்தது. பூஜையில் வைத்த பொருளை மறுநாள் மறுபூஜை முடியும்வரை தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். வெயில் உச்சிக்கு வந்தபோது, சொன்ன நாளுக்குப் பத்து நாள் முன்னதாக, எனக்கு வலி எடுத்தது.

அவர் சாமி படத்தின் முன் போய் நின்றார். கை நீள்கிறது, திரும்புகிறது. பாயில் படுத்திருந்த எனக்கு வலியைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. என் மாமியார் அவரைத் தள்ளிக்கொண்டு போய்ச் சாவியை எடுத்து அவர் கையில் திணித்தார். "ஓடுடா. சாமி கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேன்" என்றார்.

சாமி கோபித்துக்கொள்ளவில்லை, சந்தனம்தான் கோபித்துக்கொண்டது. வெயிலில் காய்ந்து துவாரத்துக்குள் கல்லாகிவிட்டது. ஊசியால் குத்தினார். தேங்காய் எண்ணெய் ஊற்றினார். பலங்கொண்ட மட்டும் திருகியதில் சாவி பாதியாக ஒடிந்து உள்ளேயே நின்றுவிட்டது. பிறகு சுத்தியல் சத்தம். ஆனை வந்தாலும் உடைக்க முடியாத பூட்டை அவரால் மட்டும் எப்படி உடைக்க முடியும்? "பூட்ட விடுங்க, ஓடுங்க!" என்று நான் கத்தியது நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும். சுத்தியல் விழுந்தது. செருப்பில்லாத காலடிச் சத்தம் சாலையில் தூரமாகப் போனது. சத்தம் அடங்கியதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. இந்தப் பிள்ளையும் போய்விடுமோ என்று மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அப்புறம் நடந்ததைத் தெருவே பார்த்து எனக்குச் சொன்னது. மிஸ்ஸியின் சைக்கிள் பறந்து வருகிறது, மிதிப்பது மிஸ்ஸி. பின்னால் கேரியரில், நெற்றியில் விபூதியும் கால் நிறையப் புழுதியுமாக, மிஸ்ஸியின் பையை மார்போடு அணைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர். ஓடிய ஓட்டத்தில் அவருக்குப் பேச்சே வரவில்லையாம். கையால் மட்டும் இடது, வலது என்று வழி காட்டினாராம். மிஸ்ஸிக்குத் தெரிந்த தமிழ் ஒரே சொல், "முக்கு". அதை அவள் சொன்ன விதத்தில் அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த மூச்சோடு என் மகள் பிறந்தாள். வாசலில் அழுகைச் சத்தம் கேட்டு, "ரெண்டு புள்ளையா?" என்று மிஸ்ஸி மலாயில் கேட்டாள். அழுதது அவர்.

மறுநாள் ரம்பத்தால் பூட்டை அறுத்து வண்டியை விடுவித்தார்கள். அடுத்த வாரமே புதுப் பூட்டு வந்தது, மனுஷன் மாறுவாரா? ஆனால் ஒரு மாற்றம் இருந்தது. அதற்குப் பின் எனக்கு இன்னும் மூன்று பிள்ளைகள். ஒவ்வொரு முறையும் நான் விஷயத்தைச் சொன்ன நாளிலிருந்து, வண்டி சங்கிலி இல்லாமல், சாலையைப் பார்த்தபடி வாசலில் நிற்கும். பக்கத்து வீட்டுப் பெண்கள் என் வயிற்றைப் பார்த்துத் தெரிந்துகொண்டதே கிடையாது. மரத்தடியில் சங்கிலியைக் காணோமென்றால், "என்ன, விசேஷமா?" என்பார்கள்.

இன்று என் பிள்ளைகள் வீட்டுக்குள் இருந்தபடியே பொத்தானை அமுக்கி வண்டியைப் பூட்டுகிறார்கள். வாசலில் அது கூவி அடங்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான். கடைக்குட்டி வயிற்றில் இருந்தபோது ஒருநாள் அவரைச் சீண்டினேன். "இப்படித் தொறந்து போட்டிருக்கீங்களே, எவனாச்சும் ஓட்டிக்கிட்டுப் போயிட்டா?"

அவர் எழுந்து பார்க்கக்கூட இல்லை. "போனா வண்டிதானே போவும்" என்றார்.