ரெண்டும் இல்லாத நாற்பத்தாறு வீடு

எங்கள் ஊர் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கிறது. இருநூறு வீடு. மகளிர் குழுவில் பிளஸ் டூ வரைக்கும் கணக்கில் நல்ல மார்க் வாங்கியவள் நான் ஒருத்திதான் என்று, தண்ணீர்க் கணக்கெடுப்பை என் தலையில் கட்டினார்கள். நானும் பெருமையாகத் தலையை ஆட்டினேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

வேலை என்னவோ லேசுதான். வீட்டுக் குழாய் உள்ளவர்கள் பட்டியலும், சொந்தமாகப் போர் போட்டவர்கள் பட்டியலும் பஞ்சாயத்து ஆபீஸிலேயே இருந்தன. நூற்றுக்கு அறுபது வீட்டில் குழாய், நாற்பத்தைந்து வீட்டில் போர். ரெண்டும் இல்லாத வீடு எத்தனை என்பதை மட்டும் நான் வாசல் வாசலாகப் போய்க் கேட்டு எழுத வேண்டும். எழுதினேன். எட்டே வீடு. நூற்றுக்கு நாலு. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அருப்புக்கோட்டை யூனியன் ஆபீசர் கூப்பிட்டுவிட்டார்.

"எட்டு வீட்டுக்காகவாம்மா ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி லாரி அனுப்புறது? அடுத்த வாரத்துலேர்ந்து நிப்பாட்டப் போறோம்."

"சார், லாரி வந்தா நாப்பது ஐம்பது வீட்டுச் சனம் குடத்தோட நிக்குது சார்."

"அப்ப நீங்க எழுதுன கணக்கு தப்பா? திங்கக்கிழமை மதியத்துக்குள்ள வீட்டுக்காரங்க கையெழுத்தோட பட்டியல் கொண்டுவாங்க. இல்லேன்னா லாரி கிடையாது."

அவர் பேரில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? எழுதிக் கொடுத்தவள் நான்.

பஸ் ஸ்டாண்டில் உட்கார முடியவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். கடைசியில் ஆபீசர் திருப்பிக் கொடுத்த கணக்கு ஃபாரத்தின் பின்பக்கமே ஒன்றை ஒன்று வெட்டிக்கொள்கிற ரெண்டு வட்டம் போட்டேன். பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் பிடித்தவர், கபடி பிடித்தவர் என்று போட்ட அதே வட்டம். அறுபதும் நாற்பத்தைந்தும் நூற்றைந்து. ரெண்டும் இல்லாதவர் நாலு என்றால், ஏதோ ஒன்றாவது உள்ளவர் தொண்ணூற்றாறு. நூற்றைந்தில் அது போக மிச்சம் ஒன்பது; ரெண்டு வட்டத்திலும் சேர்த்து எண்ணப்பட்டவர்கள் அவர்கள்தான். இருநூறு வீட்டில் நூற்றுக்கு ஒன்பது என்றால் பதினெட்டு வீடு. குழாயும் போரும் சேர்ந்து இருப்பது ஊரிலேயே பதினெட்டு வீட்டில்தானா? அட, மேலத்தெருவில் மட்டுமே அப்படி முப்பது வீடு இருக்கிறதே!

ஊருக்கு வந்ததும் சோறுகூடத் தின்னாமல் பஞ்சாயத்து ஆபீஸுக்கு ஓடினேன். ரெண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ரெண்டிலும் இருக்கிற பெயர்களுக்குச் சிவப்புக் கோடு போட்டேன். ஐம்பத்தாறு வீடு. நூற்றுக்கு இருபத்தெட்டு. நூற்றைந்தில் இருபத்தெட்டைக் கழித்தால் எழுபத்தேழு. அப்படியென்றால் ரெண்டும் இல்லாதவர்கள் நூற்றுக்கு இருபத்து மூன்று, நாற்பத்தாறு வீடு. முப்பத்தெட்டு வீட்டுக்காரர்கள் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறார்கள்.

சொல்லியிருக்கிறார்கள் என்ன, அந்த முப்பத்தெட்டில் என் வீடும் ஒன்று.

எங்கள் பக்கத்தில் பொண்ணு கொடுப்பவர்கள், மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்பதற்கு முன்னால் வீட்டில் தண்ணி எப்படி என்றுதான் கேட்பார்கள். அதனால் கல்யாணத்துக்குப் பையன் நிற்கிற வீட்டில் 'தண்ணி இல்லை' என்ற சொல்லை யாரும் வாயில் வைப்பதில்லை. கணக்கெடுக்க வந்தவளிடமும் அப்படித்தான். 'இல்லை' என்று சொன்ன எட்டு வீட்டையும் யோசித்துப் பார்த்தேன். ஒன்றில்கூடக் கல்யாண வயதில் பையன் இல்லை.

என் மகனுக்கு முப்பத்தொன்று. காரியாபட்டியில் ஒரு பொண்ணு அமைந்து, அடுத்த மாதம் பூ வைத்து உறுதி செய்வதாகப் பேச்சு. தண்ணிக்குக் கஷ்டமே இல்லை என்று சொல்லித்தான் பேசியிருந்தோம். நான் ஒருத்தி மறைத்தால் ஊர்க் கணக்கு என்ன கெட்டுவிடும் என்று நினைத்தேன். முப்பத்தெட்டு பேரும் அதையேதான் நினைத்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை காலையில் நோட்டோடு கிளம்பினேன். முதல் வீட்டிலேயே சண்டை.

"எங்க வீட்டுல தண்ணி இல்லைன்னு எழுதி ஊரெல்லாம் நாறடிக்கப் போறீகளா மதினி? ஒங்க மவனுக்குப் பொண்ணு அமைஞ்சுபோச்சு. எம் மவனுக்கு அமைய வேண்டாமா?"

"லாரி நின்னுபோச்சுன்னா என்னத்தக் குடிப்ப?"

"அது கெடக்கட்டும். ஒங்க வீட்டை எழுதியாச்சா? மொதல்ல அத எழுதிட்டு வாங்க."

சுருக்கென்றது. அந்த வாசலில் நின்றபடியே முதல் வரியில் என் வீட்டுக் கதவு எண்ணை எழுதி, கையெழுத்துப் போட்டு, நோட்டை அவளிடம் நீட்டினேன். அவள் நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் பேனாவை வாங்கினாள்.

அதன்பிறகு ஒவ்வொரு வீட்டிலும் அந்த முதல் வரியைக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எண்ணினேன். நாற்பத்தாறு. ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. கணக்கு சரியாக வந்தால் மனசு லேசாகும் என்பார்கள். எனக்கு அந்த முதல் வரியில்தான் கண் போய்ப் போய் நின்றது.

"ஒரு மாசம் பொறுத்திருக்கக் கூடாதா? பூ வச்சதுக்கப்புறம் உண்மை பேசியிருந்தா வாய் நொந்தா போயிருக்கும்?" என்று என் வீட்டுக்காரர் குதித்தார். மகன் பைக்கை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

திங்கட்கிழமை பட்டியலைக் கொடுத்தேன். லாரி நிற்காது என்று ஆபீசர் சொன்னார். வெளியே வந்ததும், ஊரார் வாயால் தெரிவதற்கு முன்னால் நாமே சொல்லிவிடுவோம் என்று, காரியாபட்டிக்கு நானே போன் போட்டேன். பொண்ணின் அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

"மறைக்காமச் சொன்னீக, அதுவரைக்கும் சந்தோசம். ஆனா கொடம் தூக்கவா எம் பொண்ணைக் காலேஜுக்கு அனுப்புனேன்? மன்னிச்சுக்கிருங்க, இது சரிப்படாது."

வீட்டில் சொன்னதும் வீட்டுக்காரர் அவர்களை வாய்க்கு வந்தபடி ஏசினார். "தண்ணிக்காக ஒரு நல்ல பையனை வேண்டாம்னு சொல்லுவாகளா? இவுகல்லாம் மனுசங்களா?" என்று என்னையும் துணைக்குக் கூப்பிட்டார். எனக்கு அழுகைதான் வந்தது. ஏச வாய் வரவில்லை.

நாலு வருசத்துக்கு முன்னால் என் மகளைப் பாலவனத்தத்தில் கேட்டார்கள். நல்ல இடம், தங்கமான பையன். வீடு பார்க்கப் போனபோது, கை கழுவுகிற சாக்கில் கொல்லைப்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். ஒரு வாளி நிறைகிற வரைக்கும் அங்கேயே நின்றேன். நிறைந்த பிறகுதான் உள்ளே வந்து அவர்கள் வைத்த கேசரியைத் தொட்டேன். அன்றைக்கு அந்தக் குழாயில் காற்று மட்டும் வந்திருந்தால், பையன் எப்படிப்பட்டவன் என்றுகூடக் கேட்காமல் எழுந்து வந்திருப்பேன். மன்னிச்சுக்கிருங்க என்ற வார்த்தையும் என் வாயில் வந்திருக்காது.