பட்டனுக்குள் இருந்த விதி

ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவு என்றால் இரண்டாம் மாடி மூலையில் ஒரு அறை, இரண்டு நாற்காலி, ஒரே ஒரு ஆள். அந்த ஆளுக்குப் ‘பட்டன் அக்கா’ என்று பேர் விழுந்துவிட்டது. காரணம், தாய்ப்பால் வங்கிக்கு அவள் எழுதிக் கொடுத்த மென்பொருள். அதில் ‘எடு’ என்று ஒரு பெரிய பட்டன். அமுக்கினால் எந்தக் குழந்தைக்கு எந்தப் பாட்டில் என்று சொல்லிவிடும். எது முதலில் போக வேண்டும், உறைபெட்டியிலிருந்து எடுத்த பால் எத்தனை மணி நேரம் தாங்கும், எல்லா விதியும் அந்தப் பட்டனுக்குள்ளேயே இருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் மகள் ஏழாம் மாதமே அவசரப்பட்டுப் பிறந்து, யாரோ ஒரு அம்மா கொடுத்த பாலில்தான் தேறினாள். அந்த நன்றியில் ஒரே மூச்சாக எழுதியது.

போன வருஷம் குழந்தைகள் வார்டுக்கும் ஒரு கணினித் திரை கேட்டார்கள். பட்டனுக்குள் இருந்ததை அப்படியே நகலெடுத்து அங்கேயும் ஒட்டினாள். சில மாதம் கழித்து டாக்டர் பால் தாங்கும் நேரத்தைக் குறைக்கச் சொன்னார். வங்கித் திரையில் மாற்றினாள். வார்டுத் திரை ஞாபகத்துக்கே வரவில்லை.

ஒரு மதியம் வார்டின் மூத்த நர்ஸ் கையில் பாட்டிலோடு வந்தார்.

“இது நேரம் தாண்டிடுச்சும்மா. வெளிய எடுத்த நேரத்தை சீட்டுல நானே எழுதியிருக்கேன். ஆனா ஸ்கிரீன்ல ‘கொடுக்கலாம்’னு காட்டுது.”

பட்டன் அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். “குடுத்துட்டீங்களா சிஸ்டர்?”

“சேச்சே, குடுப்பேனா? முதல்ல நீ கொஞ்சம் தண்ணி குடி.”

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இதற்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வார்டுத் திரையிலும் நேரத்தை அன்றே திருத்திவிட்டாள். ஆனால் மனசு ஆறவில்லை. ஒரே விதி இரண்டு இடத்தில் கிடந்தால் இன்னொரு நாளும் இதே கதைதான். விதிகளை ஒவ்வொன்றாகத் திரையிலிருந்து பிரித்து வெளியே எடுத்தாள். இனிமேல் திரை கேட்கும், வந்த பதிலைக் காட்டும், அவ்வளவுதான். முடிவெடுப்பது வேறிடம், ஒரே இடம்.

பிரித்தது சரியாக வந்திருக்கிறதா என்று திரை இல்லாமலே சோதித்துப் பார்க்க நர்ஸையே கூப்பிட்டாள்.

“திரையே இல்லாம எப்படிம்மா பார்க்கிறது?”

“நீங்க பாட்டுக்குக் கேளுங்க சிஸ்டர். நான் தட்டிப் பார்க்கிறேன், என்ன சொல்லுதுன்னு.”

தினமும் டியூட்டி முடிந்ததும் நர்ஸ் வந்து இரண்டாவது நாற்காலியில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவார். “இரட்டைக் குழந்தை. பாட்டில் ஒண்ணுதான் இருக்கு. யாருக்கு?” என்று ஒரு நாள் கேட்டார்.

மென்பொருள் பேந்தப் பேந்த விழித்தது. பட்டன் அக்காவும்தான். இத்தனை வருஷத்தில் அவளுக்கு அப்படி ஒரு கேள்வி தோன்றியதே இல்லை.

“எடை கம்மியா இருக்கிற குட்டிக்கு முதல்ல. நாங்க கையால அப்படித்தான் செய்யறோம்,” என்றார் நர்ஸ். அதுவும் விதியானது. இப்படியே நாற்பது கேள்வி சேர்ந்தது.

இரண்டு மாதம் பிடித்தது. அதற்கப்புறம் டாக்டர் மறுபடி நேரத்தை மாற்றியபோது ஒரு வரியைத் திருத்தினாள். இரண்டு திரையும் ஒரே பதிலைச் சொன்னன.

“எழுத்து கொஞ்சம் பெருசா இருந்தா என் கண்ணுக்குத் தேவலை,” என்று நர்ஸ் தயங்கித் தயங்கிக் கேட்டார். முன்பென்றால் திரையில் கை வைக்கவே அவளுக்குப் பயம். எதைத் தொட்டால் எது கெடுமோ. இப்போது அவர் டீ குடித்து முடிப்பதற்குள் மாற்றிக் கொடுத்தாள்.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவேதான் சிஸ்டர்.”

நர்ஸ் அவள் கையைப் பிடித்து வார்டுக்குக் கூட்டிப்போனார். பெரிய எழுத்தில் ‘கொடுக்கலாம்’ என்றிருந்தது. அதைப் பார்த்தும், சீட்டையும் ஒரு தரம் படித்துவிட்டு, உள்ளங்கை அகலக் குழந்தைக்கு நர்ஸ் சொட்டுச் சொட்டாகப் பாலைக் கொடுத்தார். பக்கத்தில் இருந்த சின்ன வயது அம்மா நிமிர்ந்து, “இவங்க யாரு சிஸ்டர்?” என்று கேட்டாள்.

“இவளா? நம்ம ஆளும்மா,” என்றார் நர்ஸ்.