தோளில் ஒரு பச்சைப் புள்ளி

சித்தி வீட்டு முன்னறையில் சித்தப்பாவின் படத்தை மாட்டிய அன்று, வந்தவர்கள் எல்லாரும் முகத்தைப் பார்த்தார்கள். நான் தோளைப் பார்த்தேன். சந்தன நிறச் சட்டையின் இடது தோளில் மட்டும் துணி கொஞ்சம் குழைந்து கிடந்தது. யாரோ கை வைத்திருந்து எடுத்த மாதிரி நாலு மங்கலான நிழல்கள். அதில் ஒரு நிழலின் மேல் கடுகளவு பச்சைப் புள்ளி. பின்னால் வேறு என்னவோ இருந்திருக்க வேண்டும். அதையெல்லாம் எடுத்துவிட்டு நீல வானமும் வெள்ளை மேகமும் வைத்திருந்தார்கள். வாழ்நாள் முழுக்க விசைத்தறிச் சத்தத்துக்குள் இருந்த மனுஷன் மேகத்துக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

தோளைப் பார்த்ததற்கு என் வேலைதான் காரணம். சங்கரன்கோவிலில் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருக்கிறேன். சாதிச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பென்ஷன் மனு என்று வருகிறவர்கள் இப்போதெல்லாம் ஸ்டுடியோவுக்குப் போவதில்லை. செல்போனில் எடுத்து, ஏதோ ஒரு ஆப்பில் போட்டு, முகத்தை வெளுக்க வைத்துக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். வயல்வேலை பார்க்கிற அக்காவுக்கு விரலெல்லாம் கரிசல் மண், படத்தில் முகம் மட்டும் ரோஸ். ஒருவருக்கு மீசை பாதி காணாமல் போயிருக்கும், ஒருவருக்குக் காது ஒன்று குறையும். நெற்றியில் இருக்கிற வெட்டுத் தழும்பை அழித்துவிட்டு வந்த ஒரு பெரியவரிடம், அங்க அடையாளத்துக்கு எதை எழுத என்று கேட்டேன். தழும்பையே எழுதும்மா என்றார். படத்தில் இல்லையே என்றதற்கு, நேரில் இருக்கிறதே என்று எனக்கே புத்தி சொன்னார். இப்படிப் பார்த்துப் பார்த்து எந்தப் படத்தையும் நம்ப முடியாமல் ஆகிவிட்டது. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை படம் இருந்தால்கூட முகமும் கழுத்தும் ஒரே நிறமா என்று பார்த்துவிட்டுத்தான் பெயரைப் படிக்கிறேன். வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சித்தியிடம் சொல்லிச் சிரிப்பேன். பக்கத்து வீடுதான். அவர்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. எனக்கும் என் தம்பிக்கும் அங்கே பாதிச் சாப்பாடு நடந்தது.

சித்தப்பா போனது திடீரென்று. காலையில் தறிக்குப் போனவரை மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தார்கள். அவருக்குப் படம் எடுத்துக்கொள்கிற பழக்கமே இல்லை, யாராவது போனைத் தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சென்னையில் இருந்த என் தம்பி சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் கேட்டு, வந்த படங்களைச் சரியாகப் பார்க்கக்கூட நேரமில்லாமல் அப்படியே பிரேம் கடைக்கு வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டுப் பஸ் ஏறிவிட்டான். கடைக்காரர் அதில் முகம் தெளிவாக இருந்த ஒன்றை எடுத்துக்கொண்டார். உயிரோடு இருக்கிறவர்கள் சேர்ந்து நிற்கிற படத்துக்கு எங்கள் பக்கத்தில் மாலை போட மாட்டார்கள். அதனால் பக்கத்தில் நிற்கிற ஆளை எடுத்துவிடுவது பிரேம் கடைகளில் அன்றாட வேலை. கேட்டுக்கொண்டெல்லாம் செய்வதில்லை.

அந்த முகம் நன்றாகத்தான் அமைந்திருந்தது. திருப்பிக்கொள்ளாமல் நேராகப் பார்க்கிற முகம், அவசரமே இல்லாத ஒரு பொறுமை. பதினாறாம் நாள் வந்தவர்கள் எல்லாரும் அதைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். சித்தி தினமும் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் பூ வைப்பாள். பச்சைப் புள்ளியைக் கண்ணாடியில் ஒட்டிய அழுக்கு என்று நினைத்துக் கொஞ்ச நாள் தேய்த்துப் பார்த்திருக்கிறாள். போகவில்லை. ஒருநாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது படத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இது பச்சக்கல்லு மோதிரம்லா?” என்றாள். “எங்கிட்ட ஏதுட்டி பச்சக்கல்லு?”

ஆப் செய்கிற கோளாறு, இல்லாததையெல்லாம் காட்டும் என்று ஏதோ சொன்னேன். நான் சொன்னது எனக்கே நம்பிக்கையாக இல்லை. விரல் தடம் இருக்கிறது, விரல் இருந்தால் ஆள் இருக்கும். ஆளை எடுத்திருக்கிறார்கள் என்றால் யாரை? அவர் தோளில் தான் ஒருநாளும் கை வைத்து நின்றதில்லை என்று சித்தி அடித்துச் சொன்னாள். கல்யாணத்தன்று போட்டோக்காரர் எவ்வளவோ சொல்லியும் ஒரு முழம் தள்ளித்தான் நின்றாளாம். அந்தக் கல்யாண ஆல்பத்தை நானும் பார்த்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் நடுவில் இன்னொருவர் தாராளமாக நிற்கலாம்.

மறுநாள் சித்தியே என்னை இழுத்துக்கொண்டு பிரேம் கடைக்குப் போனாள். கடைக்காரத் தம்பி கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினான். புதிதாக ஒரு பிளக்-இன் போட்டிருக்கிறானாம். ஆள் மேல் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், ஆளும் போய்விடும், பின்னால் சுவரோ செடியோ அதுவே வரைந்து நிரப்பிக்கொள்ளும். சித்தப்பா படம் செய்தது பழைய முறையில், அதனால்தான் தோளில் கொஞ்சம் தடம் தங்கிவிட்டது, வேண்டுமானால் இப்போது சுத்தமாக எடுத்துத் தருகிறேன் என்றான். பழைய படம் இருக்கிறதா என்று கேட்டேன். போன் தாங்காது என்று அவ்வப்போது எல்லாவற்றையும் அழித்துவிடுவானாம். பக்கத்தில் நின்றது யார் என்று கேட்டேன்.

“யாரோ ஒரு லேடி அக்கா. பட்டுக் கட்டி, தல நெறயப் பூ வச்சி, நல்லா சிரிச்ச மொகமா இருந்தாங்க. உசுரோட இருக்கவங்கள வச்சி மால போடப்படாதுல்லா, எடுத்துட்டேன்.”

சித்தி என் பக்கத்தில்தான் நின்றாள். வெளிறிய நூல் சேலை, வெறும் நெற்றி. அவன் அவளையும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டான். ரத வீதியில் திரும்பி வரும்போது அவள் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். எனக்கும் உள்ளுக்குள் ஒரு முள் விழுந்துவிட்டது. சித்தப்பாவா என்று ஒரு மனம் கேட்டது. ஏன், அவர் மட்டும் என்ன என்று இன்னொரு மனம் கேட்டது. சென்னையில் இருக்கிற என் தம்பியிடம் கேட்டால், அந்தப் போனையே மாற்றிவிட்டேன், பழைய படம் ஒன்றும் ஏறவில்லை என்றான். அவன் எதையோ மறைக்கிறான் என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

அதற்குப் பிறகு சித்தி யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். காய்கறி விற்கிறவள், பால் ஊற்றுகிறவள், கோயிலில் புற்றுமண் எடுக்கக் குனிகிறவள், எல்லார் விரலிலும் அவள் கண் போய் நின்றது. சித்தப்பாவோடு தறியில் வேலை பார்த்த அக்கா ஒருத்தி கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஒருநாள் பார்க்க வந்தாள். வாழைப்பழத்தை நீட்டிய கையில் பச்சைக்கல் மோதிரம் இருந்தது. சித்தி பழத்தை வாங்கவில்லை. தலைவலி என்று சொல்லி, அந்த அக்கா படியிறங்குவதற்குள் கதவைச் சாத்தினாள். அன்றோடு படத்துக்குப் பூ நின்றது. வருஷத் திதி நெருங்கியபோது, நான் வரமாட்டேன், நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். அவ்வளவு வருஷம் வாழ்ந்த வாழ்க்கை பொய்யாக இருந்திருக்குமோ என்ற கேள்வியை வைத்துக்கொண்டு அவள் தினமும் சோறு பொங்கி, சாப்பிட்டு, படுத்தாள். பக்கத்து வீட்டிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

படத்தில் மிச்சம் இருந்த உண்மை அந்தச் சட்டை ஒன்றுதான். பிரேம் கடைக்காரர்கள் பெரும்பாலும் உடம்பையும் மாற்றி ஒரு வெள்ளைச் சட்டையை மாட்டிவிடுவார்கள். இதில் மாற்றவில்லை. சந்தன நிறச் சட்டை அவர் ராயகிரியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு எடுத்தது, பிறகு அதிகம் உடுத்தவும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராயகிரிக்குப் பஸ் ஏறினேன். கல்யாணப் பெண்ணின் தங்கை தன் போனைக் காட்டினாள். அதில் பாதி, நாய்க் காதும் மூக்கும் வைத்துக்கொண்டு அவளே எடுத்த அவள் முகம். தள்ளிக்கொண்டே போனாள். மண்டபத்து வாசலில் எடுத்த படங்கள் வந்தன. அதில் ஒன்றில் சித்தப்பா நேராக என்னைப் பார்த்தார்.

மண்டபத்து வாசலில் செருப்புக் குவியல். அதற்கு நடுவில் சந்தன நிறச் சட்டையில் சித்தப்பா. பக்கத்தில் பட்டுச் சேலையில், பூ முன்னால் சரிந்து விழ, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு சித்தி. ஒரு கையால் செருப்பு வாரை இழுத்து மாட்டுகிறாள், இன்னொரு கையால் விழாமல் இருக்க அவர் தோளைப் பிடித்திருக்கிறாள். வாருக்குள் கால் நுழையாததற்குத்தான் அந்தச் சிரிப்பு. எல்லாரும் சொல்லி அழுத அந்தப் பொறுமை, பெண்டாட்டி செருப்பு மாட்டி முடிக்கட்டும் என்று நிற்கிற பொறுமை. போனைத் தூக்கியும் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளாத காரணமும் புரிந்தது. திரும்பினால் அவள் விழுந்துவிடுவாள்.

பஸ்ஸில் வரும்போதே அழுதுவிட்டேன். எல்லாம் தீர்ந்தது என்று ஓட்டமும் நடையுமாக வந்து போனை நீட்டினேன். சித்தி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

“நீதான சொல்லுவ, இல்லாத காத ஒட்டுதான், இருக்க மீசைய எடுக்கான்னு,” என்றாள். “இத மட்டும் நான் நம்பணுமாக்கும்? திதிக்கு என்னைய உக்கார வைக்க நீயும் ஒந் தம்பியும் சேந்து பண்ணுத வேல.”

வருஷக் கணக்காக அவளுக்கு நான் சொல்லிச் சிரித்ததெல்லாம் அவள் வாயால் திரும்பி வந்தது. ஒரு படத்தில் ஆளை எடுக்க முடியும் என்றால் வைக்கவும் முடியும். ராயகிரிப் பெண்ணைக் கூட்டிவந்து சத்தியம் செய்யச் சொன்னாலும், அவளுக்கும் சொல்லிக் கொடுத்துக் கூட்டிவந்ததாகத்தான் தோன்றும். எனக்கே அப்படித்தான் தோன்றியிருக்கும். போனை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் உலையைப் பார்க்கப் போனேன்.

திரும்பி வந்தபோது அவள் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டு விரலால் படத்தை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோளில் இருக்கிற கை திரை முழுக்க நின்றது. மோதிர விரலில் தங்க மோதிரம். அதன் மேல் நெருக்கமாகச் சுற்றிய பச்சை நூல். கல் எதுவும் இல்லை.

அந்தக் கல்யாணத்துக்குக் கிளம்புகிற நேரத்தில் மோதிரம் கழன்று கழன்று விழுந்ததாம். அதற்குச் சில மாதம் முன்புதான் காய்ச்சலில் கிடந்து இளைத்திருந்தாள். எங்கேயாவது தொலைத்துவிடுவாய் என்று சத்தம் போட்டுக்கொண்டே சித்தப்பா கொடியில் கிடந்த வேலைச் சட்டையின் பையில் கையை விட்டு, தறியில் மிஞ்சிய ஊடை நூலை எடுத்து மோதிரத்தில் சுற்றி, நுனியைப் பல்லால் கடித்து அறுத்துப் போட்டுவிட்டாராம். நூல் நைந்ததும் மோதிரத்தைக் கழற்றி பீரோவில் வைத்தவள் அதை மறந்தே போயிருந்தாள்.

“இத எவன் ஒட்ட முடியும் மக்கா?” என்றாள். “எனக்கும் அவருக்கும்தான தெரியும்.”

அதைச் சொல்லிவிட்டு, அவர் இறந்த அன்று அழாத அழுகையெல்லாம் அழுதாள். கொஞ்சம் தெளிந்ததும், எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன், ஒரு வார்த்தை சொன்னாரா பார் என்று அவரையே திட்டினாள். மறுநாள் காலையில் படத்தில் பூ இருந்தது. திதிக்கு அவளே முன்னால் நின்று எல்லாம் செய்தாள். அதற்குப் பிறகு ஒருநாள் என்னைக் கூட்டிக்கொண்டு கரிவலம்வந்தநல்லூருக்குப் போனாள். அந்த அக்கா வீட்டில் எதையும் விளக்கிச் சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்து மோதிரத்தைப் பார்த்து, கல்லு நல்லாயிருக்கு என்றாள். போட்ட சோற்றை வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

சுவரில் மேகத்துப் படம்தான் இருந்தது. சித்தி உயிரோடு இருக்கும்போது மற்றதை மாட்ட முடியாது. அது என் போனில் கிடந்தது. சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தால் காப்பியை வைத்துவிட்டு, அந்தச் செருப்புப் படத்தைக் காட்டு என்பாள். பார்ப்பாள், திருப்பிக் கொடுப்பாள்.

போன ஆடித்தபசுத் திருவிழா முடிந்து கொஞ்ச நாளில் சித்தியும் போய்விட்டாள். தம்பி ஒரு படம் அனுப்பினான். ஆப்பில் போட்டு நரையையும் சுருக்கத்தையும் எடுத்திருந்தான். அந்தப் பெண் யாரென்று எனக்குத் தெரியவில்லை. நான் செருப்புப் படத்தை எடுத்துக்கொண்டு அதே பிரேம் கடைக்குப் போனேன். இப்படியே வேண்டும், வானம் வேண்டாம், மேகம் வேண்டாம், ஒன்றையும் தொடக்கூடாது என்றேன். கூட வந்த பெரியப்பா, விளக்கேற்றுகிற படத்தில் செருப்பு இருக்கலாமா என்று குறுக்கே நின்றார். கடைக்காரத் தம்பிக்கு உற்சாகம் வந்துவிட்டது. பிளக்-இன்னை எடுத்தான்.

“செருப்ப மட்டும் எடுத்துருவோம் அக்கா. தடமே தெரியாது.”

“எடுத்துட்டா சித்தி எதுக்கு ஒத்தக் கால்ல நிக்கா?” என்று கேட்டேன்.

அவன் பெரியப்பாவைப் பார்த்தான். பெரியப்பா தெருவைப் பார்த்தார். பிரிண்ட் வெளியே வரும்வரை அவன் கையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

படம் இப்போது என் வீட்டு முன்னறையில் இருக்கிறது. ஒரே மாலை இரண்டு பேருக்கும் போதுமானதாக இருக்கிறது. அதிலிருந்து எடுக்க வேண்டிய ஆள் இனி யாரும் இல்லை. வருகிறவர்கள் முகங்களைப் பார்க்கிறார்கள், சிலர் செருப்பைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். நான் தோளைப் பார்க்கிறேன். நாலு விரலும் இருக்கிறதா, பச்சை நூல் இருக்கிறதா என்று தினமும் பார்த்துக்கொண்டுதான் விளக்கேற்றுகிறேன்.